ஸ்டாட்ஸ்குரு: 6 இன்னிங்ஸில் 1 ரன் எடுத்தவர்களைத் தேடி

இஎஸ்பிஎன் கிரிக்இன்ஃபோ தளத்தின் ஒரு மூலையில் ஸ்டாட்ஸ்குரு என்று ஒரு தேடல் கருவி இருக்கிறது. கிரிக்கெட் பார்க்கிறவர்கள் பலருக்குப் பெயராவது தெரிந்திருக்கும். ஏதாவது ஒரு வீரரின் சராசரி என்ன என்று வாக்குவாதம் வரும்போது, யாராவது ஒருவர் அதில் பார்த்துச் சொல்வார்; வாக்குவாதம் முடியும். இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்துகிறவர்கள், அந்தக் கருவியின் வாசற்படியிலேயே நின்றுவிட்டுத் திரும்புகிறார்கள் என்பேன். எனக்கு அது வேறு ஒரு விஷயத்துக்குப் பயன்படுகிறது. ஒரு வீரர் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிந்துகொள்ள எண்கள் எவ்வளவு தூரம் உதவும், எந்த இடத்தில் கைவிரிக்கும் என்று பார்ப்பதற்கு.

கருவி வேலை செய்யும் விதம் எளிது. டெஸ்ட், ஒருநாள், டி20 என்று ஆட்ட வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெண்கள் ஆட்டங்களுக்கும் தனியாக உண்டு. அப்புறம் பேட்டிங்கா, பௌலிங்கா, ஃபீல்டிங்கா, பார்ட்னர்ஷிப்பா என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு வருவதுதான் விருந்து: எந்த அணிக்கு எதிராக, எந்த நாட்டில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எத்தனையாவது ஆளாக இறங்கி, ஆட்டத்தின் எத்தனையாவது இன்னிங்ஸில், கேப்டனாக இருந்தபோதா இல்லாதபோதா, ஜெயித்த ஆட்டமா தோற்ற ஆட்டமா. ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். வேண்டியதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் பட்டியல் வந்து விழும். 1877-ல் மெல்பர்னில் நடந்த முதல் டெஸ்ட்டிலிருந்து எல்லாம் உள்ளே இருக்கிறது. இதை உருவாக்கியவர் ட்ராவிஸ் பேசேவி. காசு கிடையாது.

எனக்குப் பிழைப்பே கணக்குப் பார்ப்பதுதான். ஐந்தொகையை மட்டும் பார்த்துவிட்டு ஒரு நிறுவனத்துக்கு நற்சான்று கொடுக்க மாட்டோம். பேரேட்டைப் புரட்டி, எந்தத் தேதியில் எது வந்தது, எது போனது என்று பார்த்தால்தான் உள்ளே நடந்தது தெரியும். ஸ்டாட்ஸ்குருவில் வீரரின் பெயரைத் தட்டியதும் வருகிற சுருக்கப் பக்கம் ஐந்தொகை மாதிரி. இத்தனை ஆட்டம், இத்தனை ரன், இவ்வளவு சராசரி. பலரும் அதோடு மூடிவிடுகிறார்கள். அதே பக்கத்தில் 'இன்னிங்ஸ் வாரியாக' என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதுதான் பேரேடு. அதைத் தேதி வரிசையில் வைத்துப் படிக்க வேண்டும்.

மொஹிந்தர் அமர்நாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 69 டெஸ்ட், 4378 ரன், சராசரி 42.50, 11 சதம். என் மைத்துனன் ஒரு முறை இதைப் பார்த்துவிட்டு, "நல்ல ஆட்டக்காரர்தான் மாமா, ஆனா பெரிய ஆளுன்னு சொல்ல முடியாது" என்றான். 42.50 என்ற எண்ணை வைத்துப் பார்த்தால் அவன் சொன்னது நியாயம். அவனிடம் வாதாடவில்லை, இன்னிங்ஸ் வாரிப் பட்டியலை எடுத்து அனுப்பினேன்.

1983-ன் முதல் பாதி. மேற்கிந்தியத் தீவுகளில் 5 டெஸ்ட். எதிரே மார்ஷல், ஹோல்டிங், ராபர்ட்ஸ், கார்னர். அந்தத் தொடரில் அமர்நாத் எடுத்தது 598 ரன், சராசரி 66.44. பிரிட்ஜ்டவுன் டெஸ்ட்டில் 91, 80 என்று இரண்டு வரி இருக்கும். அந்த 80-ன் நடுவே மார்ஷல் பந்தில் வாயில் அடிபட்டு வெளியே போய், தையல் போட்டுக்கொண்டு திரும்பி வந்து ஆடினார். அதன் பிறகு உலகக் கோப்பை. அரையிறுதியிலும் இறுதியிலும் ஆட்ட நாயகன். இதெல்லாம் முடிந்து அதே ஆண்டின் பிற்பகுதியில் அதே மேற்கிந்திய அணி இந்தியா வந்தது. பட்டியலில் வரிகள் இப்படி இறங்குகின்றன: 0, 0, 1, 0, 0, 0. ஆறு இன்னிங்ஸில் ஒரே ஒரு ரன். அணியிலிருந்து நீக்கப்பட்டார்.

அதற்கடுத்த டெஸ்ட்டில்தான் என் கண் நிற்கும். 1984 அக்டோபர், லாகூர். பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியா ஃபாலோ ஆன் ஆகிறது, அதாவது முதல் இன்னிங்ஸில் மிகவும் பின்தங்கியதால் உடனே மறுபடி ஆட வேண்டிய நிலை. இரண்டாவது இன்னிங்ஸில் அமர்நாத் 101 நாட் அவுட், டெஸ்ட் டிரா. 598 ரன்னுக்கு அப்புறம் 1 ரன், 1 ரன்னுக்கு அப்புறம் தோற்க வேண்டிய டெஸ்ட்டில் ஒரு சதம். 11 சதங்களில் 9 வெளிநாட்டு மண்ணில் என்பதையும் அதே கருவியில் உள்ளூர், வெளியூர் எனப் பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம். 42.50 என்ற சராசரி இவை அத்தனையையும் தட்டிச் சமன்செய்துவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்திருக்கிறது. மைத்துனன் பதில் எழுதவில்லை. கட்டைவிரல் படம் மட்டும் வந்தது. அவனுக்கு அது பெரிய விட்டுக்கொடுத்தல்.

இதே '6 இன்னிங்ஸ், 1 ரன்' இன்னொருவர் கணக்கிலும் இருக்கிறது. இலங்கையின் மார்வன் அட்டப்பட்டு. அவருடைய டெஸ்ட் வாழ்க்கை தொடங்கியதே அப்படித்தான். 1990-ல் இந்தியாவுக்கு எதிராக 0, 0. ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து இன்னொரு வாய்ப்பு: ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 0, 1. மறுபடி காத்திருப்பு. 1994-ல் மறுபடி இந்தியா: 0, 0. மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் அதிகமான காலம், மூன்று டெஸ்ட், ஒரு ரன். அதற்குப் பிறகு பட்டியலில் மூன்று வருடம் எதுவுமே இல்லை. 1997-ல் பெயர் திரும்ப வருகிறது. அந்த வருடமே இந்தியாவுக்கு எதிராகவே முதல் சதம். முடிக்கும்போது 90 டெஸ்ட், 5502 ரன், 16 சதம், அதில் 6 இரட்டைச் சதம்.

அந்த மூன்று வருட வெற்றிடத்தில் அவர் என்ன செய்தார் என்று கருவி சொல்லாது. உள்ளூர் ஆட்டங்களில் ரன் அடித்துக்கொண்டே இருந்தார் என்பது வேறு இடத்தில் படித்தால்தான் தெரியும். ஆனால் இங்கே ஒரு வெற்றிடம் இருக்கிறது, அதற்கு முன்னால் ஒரு ஆள், பின்னால் வேறு ஒரு ஆள் மாதிரி இருக்கிறார் என்பதைக் கருவி காட்டிக்கொடுத்துவிடுகிறது. மீதியைத் தேடிப் போவது நம் வேலை.

'படிப்படியான சராசரி' என்று இன்னொரு தோற்றம் உண்டு. ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் பிறகு சராசரி என்ன என்று வரிசையாகக் காட்டும். பிராட்மேன் பெயரைப் போட்டுக் கடைசிக்குப் போனால் 101.39 என்று இருக்கும். அடுத்த வரி, 1948 ஓவல், 0, சராசரி 99.94. எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆனாலும் இரண்டு எண்களும் மேலும் கீழுமாக இருப்பதைப் பார்க்கும்போது ஒரு மாதிரி இருக்கும்.

எனக்கு இந்தத் தோற்றத்தில் பிடித்தவர் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் வா. 1985 டிசம்பரில் முதல் டெஸ்ட். முதல் சதம் 1989-ல் லீட்ஸில், 27-வது டெஸ்ட்டில், 177 நாட் அவுட். அதுவரை 26 டெஸ்ட் சதமே இல்லாமல் ஓடியிருக்கிறது. 1991-ல் அவரை நீக்கிவிட்டு அவருடைய இரட்டைச் சகோதரர் மார்க்கை எடுத்தார்கள். மார்க் முதல் டெஸ்ட்டிலேயே 138 அடித்தார். ஒரே வீட்டில் இப்படி ஒன்று நடந்தால் யாராக இருந்தாலும் நொந்துபோவார்கள். ஸ்டீவ் கடைசியில் 168 டெஸ்ட், 10,927 ரன், 51.06 என்று முடித்தார். முதல் ஐந்தாறு டெஸ்ட்டிலேயே ஒரு பையனைத் தூக்கி எறி என்று நாம் கத்துகிற இந்தக் காலத்தில், 26 டெஸ்ட் பொறுத்த தேர்வாளர்களை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. கருவியில் தேர்வாளர்களுக்கு ஒரு பக்கம் கிடையாது. இருந்தால் நன்றாக இருக்கும்.

சரி, இப்போது குறைகள்.

ஆட்ட முடிவை வைத்துச் சலிக்கும் கட்டம் ஒன்று இருக்கிறது என்றேனே, அதை ஜாக்கிரதையாகத் தொட வேண்டும். 'மேட்ச் வின்னர்' யார் என்று நிரூபிக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கை வைப்பது அதில்தான். 'ஜெயித்த ஆட்டங்கள் மட்டும்' என்று தேர்ந்தெடுத்தால் 1999 சென்னை டெஸ்ட்டில் டெண்டுல்கர் அடித்த 136 காணாமல் போய்விடும். முதுகுவலியோடு ஆடி, 17 ரன் பாக்கி இருக்கும்போது அவுட் ஆனார். மீதி மூன்று விக்கெட் நாலு ரன்னில் விழுந்து 12 ரன்னில் தோற்றோம். 1979 ஓவலில் கவாஸ்கர் அடித்த 221-ம் போய்விடும். இலக்கு 438, இந்தியா 8 விக்கெட்டுக்கு 429, டிரா. டெஸ்ட் வரலாற்றில் நான்காவது இன்னிங்ஸ் ஆட்டம் என்றால் முதல் நாலைந்தில் வைக்க வேண்டியவை இரண்டும். ஒரு கட்டத்தை அழுத்தியதும் மறைந்துவிடுகின்றன. மற்ற பத்துப் பேர் செய்தது, செய்யாதது எல்லாம் சேர்ந்ததுதான் முடிவு. அதை ஒருவருடைய குணத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்வது தப்பு. கருவியைக் குறை சொல்ல முடியாது. கேட்டதைத்தான் அது கொடுத்தது.

டிரா ஆன ஆட்டங்களைத் தனியாகச் சலித்துப் பாருங்கள், அது சுவாரசியம். 2021 ஜனவரி, சிட்னி. அஷ்வின் 128 பந்தில் 39 நாட் அவுட். விஹாரி 161 பந்தில் 23 நாட் அவுட். ரன் என்ற நெடுவரிசையில் இந்த இரண்டு எண்ணும் யார் கண்ணிலும் படாது. பந்துகள் என்ற நெடுவரிசைக்குப் போனால்தான் நிமிர்ந்து உட்காருவோம். விஹாரிக்குத் தொடைத் தசை போய்விட்டது, ஓட முடியாது. அஷ்வினுக்கு முதுகு. இரண்டு பேரும் அதற்கடுத்த பிரிஸ்பேன் டெஸ்ட்டில் ஆடவில்லை. அங்கே அந்தப் பொறுப்பு புஜாராவுக்கு வந்தது: 211 பந்து, 56 ரன், உடம்பெல்லாம் அடி. பந்துகளை வைத்து வரிசைப்படுத்தத் தெரிந்துவிட்டால் இப்படிப்பட்ட ஆட்கள் தாமாக மேலே வருவார்கள். அந்த வரிசையின் உச்சியில் திராவிட் இருக்கிறார், டெஸ்ட்டில் 31,258 பந்து. பழைய காலத்து ஆட்டங்கள் பலவற்றில் பந்துக் கணக்கு இல்லை, வெறும் கோடு மட்டும் இருக்கும். அந்தக் காலத்துத் தடுப்பாட்டக்காரர்களுக்கு இந்தப் புண்ணியம் கிடைக்கவில்லை.

திராவிட் பேச்சு வந்துவிட்டதால் 2011 இங்கிலாந்துத் தொடரைச் சொல்லாமல் நகர முடியாது. இந்தியா 4-0 என்று துடைத்தெறியப்பட்ட தொடர். பட்டியலில் திராவிட் பெயருக்கு நேரே 461 ரன், 3 சதம். வேறு எந்த இந்தியரும் அந்தத் தொடரில் சதம் அடிக்கவில்லை. கடைசி டெஸ்ட் ஓவலில், தொடக்க ஆட்டக்காரராக இறங்கிக் கடைசி விக்கெட் விழும்வரை நின்று 146 நாட் அவுட். இந்தியா 300-க்கு ஆல் அவுட், ஃபாலோ ஆன். கம்பீருக்குத் தலையில் அடிபட்டிருந்தது. ஆகவே நாள் பூராவும் ஆடிய அதே ஆள் கொஞ்ச நேரத்தில் மறுபடி கால்கட்டைக் கட்டிக்கொண்டு தொடக்க ஆட்டக்காரராக இறங்கினார். இது வரைக்கும் கருவியில் இருக்கிறது. முதல் இன்னிங்ஸ் வரி, இரண்டாவது இன்னிங்ஸ் வரி, இறங்கிய இடம் எல்லாம் போட்டிருக்கும். படிக்கத் தெரிந்தவருக்குப் போதும்.

ஆனால் அதே தொடரில் பர்மிங்காம் டெஸ்ட்டின் இரண்டாவது இன்னிங்ஸ் வரியைப் பாருங்கள். பிரையர் பிடிக்க, ஆண்டர்சன் பந்தில் அவுட் என்று சாதாரணமாக இருக்கும். நடந்தது என்ன? பந்து மட்டையில் படவே இல்லை. மட்டை பட்டது அவருடைய ஷூ லேஸ் நுனியில். சத்தம் கேட்டது, நடுவர் கையைத் தூக்கினார், தன் காதில் விழுந்த சத்தத்தை நம்பி ரிவியூகூடக் கேட்காமல் திராவிட் நடந்துவிட்டார். ரீப்ளேயில்தான் உண்மை தெரிந்தது. இதைக் கருவி எந்தக் கட்டத்தில் காட்டும்? காட்டாது. அந்த வரிக்குப் பக்கத்தில் இருக்கும் இணைப்பை அழுத்தி ஸ்கோர்கார்டுக்குப் போய், அங்கிருந்து அந்த ஆட்டத்தின் வர்ணனையைத் தேடிப் படிக்க வேண்டும். நான் சொல்ல வருவது, கருவியை அங்கே நிறுத்தாதீர்கள் என்பதுதான். ஒவ்வொரு வரியிலும் ஸ்கோர்கார்டுக்கு ஓர் இணைப்பு வைத்திருக்கிறார்களே, அது இந்தச் சேவையின் மிகப் பெரிய வசதி. ஆனால் அதை அழுத்துகிற ஆட்கள் குறைவு.

பந்துவீச்சாளர்கள் விஷயத்தில் இது இன்னும் மோசம். 1999 டெல்லி, கும்ப்ளே 74 ரன்னுக்கு 10 விக்கெட். எந்தப் பட்டியலிலும் மின்னிக்கொண்டு நிற்கும். அதே இன்னிங்ஸில் ஸ்ரீநாத் பெயருக்கு நேரே விக்கெட் 0. கும்ப்ளேவுக்கு 9 விக்கெட் ஆகியிருந்தபோது, தப்பித் தவறித் தனக்கு விக்கெட் விழுந்துவிடக் கூடாதென்று ஸ்ரீநாத் பந்தை ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே தள்ளித் தள்ளிப் போட்டார். ஒரு வேகப்பந்து வீச்சாளர் வேண்டுமென்றே விக்கெட் எடுக்காமல் இருப்பதற்கு எண்ணில் என்ன பெயர்? பூஜ்யம்தான். சும்மா மோசமாக வீசியவருக்கும் அதே பூஜ்யம்.

கும்ப்ளேவுக்கே வருவோம். 2002 ஆன்டிகா டெஸ்ட். அவர் கணக்கில் 14 ஓவர், 1 விக்கெட். 619 விக்கெட் எடுத்தவரின் பட்டியலில் இந்த வரியை யார் நின்று பார்ப்பார்கள்? மெர்வின் டில்லன் பந்தில் தாடை உடைந்து, முகத்தைச் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து வீசிய 14 ஓவர் அது. அந்த ஒரு விக்கெட், மேற்கிந்திய அணியின் நட்சத்திர ஆட்டக்காரர் லாரா.

மேற்கிந்திய வேகப்பந்து வீச்சாளர் கோர்ட்னி வால்ஷ் கணக்கில் ஒரு வரியே இல்லை. அவர் செய்யாமல் விட்டது அது. 1987 உலகக் கோப்பை, லாகூர், பாகிஸ்தானுக்கு எதிராகக் கடைசிப் பந்து. மறுமுனையில் சலீம் ஜாஃபர் கோட்டை விட்டு முன்னாலேயே ஓடிவிட்டார். பந்தை வீசாமல் ஸ்டம்பைத் தட்டியிருந்தால் ஆட்டம் முடிந்தது. வால்ஷ் நின்றார், அவரைத் திரும்பிப் போகச் சொல்லிவிட்டுப் பந்து வீசினார், அப்துல் காதிர் அடித்தார், பாகிஸ்தான் ஜெயித்தது. மேற்கிந்தியத் தீவுகள் அரையிறுதிக்குப் போகவில்லை. கருவியில் வால்ஷுக்கு இதனால் கிடைத்தது கூடுதலாகக் கொடுத்த ரன்கள் மட்டும். அப்படி ஸ்டம்பைத் தட்டுவது விதிப்படி சரிதான் என்று இன்று வாதாடுகிறோம், நானும் அந்தக் கட்சிதான். அஷ்வின் செய்தபோது அவர் பக்கம் நின்றேன், இப்போதும் நிற்கிறேன். அதற்காக வால்ஷ் செய்தது சின்ன விஷயம் ஆகிவிடாது. ஒரு உலகக் கோப்பை வாய்ப்பை வைத்துக்கொண்டு அப்படி நிற்க முடிகிறவர் எத்தனை பேர்?

அதே வால்ஷின் பேட்டிங் பக்கத்தையும் பாருங்கள், சிரிப்பு வரும். டெஸ்ட்டில் 43 டக், அதாவது ரன்னே எடுக்காமல் அவுட். ஆனால் 0 நாட் அவுட் என்று இருக்கும் வரிகளில் ஒன்று 1999 பிரிட்ஜ்டவுன். இலக்கு 308, லாரா 153 நாட் அவுட், ஒரே விக்கெட் கையில் இருக்கும்போது மறுமுனையில் நின்றவர் வால்ஷ். சில பந்துகளைத் தாங்கினார், ஆஸ்திரேலியாவை வென்றார்கள். (நியூசிலாந்தின் கிறிஸ் மார்ட்டின் பக்கத்தையும் ஒரு தடவை திறந்து பார்க்கலாம்: 71 டெஸ்ட், 233 விக்கெட், 123 ரன். எடுத்த விக்கெட்டைவிட அடித்த ரன் குறைவு.)

கருவியில் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடம் ஃபீல்டிங் பக்கம். கேட்ச், ஸ்டம்பிங், அவ்வளவுதான். ரன் அவுட் செய்தவருக்கு அதில் எதுவும் சேராது. 1992 உலகக் கோப்பையில் ஜான்டி ரோட்ஸ் பறந்து போய் ஸ்டம்பைச் சிதறடித்து இன்சமாமை அவுட் ஆக்கினாரே, கிரிக்கெட்டில் அதிகம் பேர் பார்த்த படங்களில் ஒன்று, அது அவருடைய ஃபீல்டிங் கணக்கில் பூஜ்யம். ஸ்கோர்கார்டில் பெயர் இருக்கும், கூட்டுத்தொகைக்கு வராது. தடுத்த ரன்னும் வராது, விட்ட கேட்ச்சும் வராது. விட்ட கேட்ச் வராததில் சிலருக்கு லாபம்.

ஏக்நாத் சோல்கருக்கு அந்தப் பக்கம் ஓரளவு நியாயம் செய்கிறது. 27 டெஸ்ட், 53 கேட்ச். விக்கெட் கீப்பர் இல்லாத ஒருவருக்கு ஆட்டத்துக்கு ஏறக்குறைய இரண்டு. ஆனால் ஹெல்மெட் கிடையாத காலத்தில் ஷார்ட் லெக்கில் மட்டைக்கு முன்னால் குனிந்து நின்று பிடித்த கேட்ச்களும், ஸ்லிப்பில் சாவகாசமாக நின்று பிடித்த கேட்ச்களும் அந்த நெடுவரிசையில் ஒன்றுதான். 1971 ஓவலில் வெங்கட்ராகவன் பந்தில் ஆலன் நாட்டை முன்னால் பாய்ந்து பிடித்தார். அந்த இன்னிங்ஸில் சந்திரசேகரின் 38 ரன்னுக்கு 6 விக்கெட் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. சோல்கர் அங்கே நிற்கவில்லை என்றால் நம் சுழற்பந்து வீச்சாளர்களின் எண்கள் எப்படி இருந்திருக்கும் என்று கேட்க ஒரு கட்டம் இல்லை.

இனி நான் சொல்வது கொஞ்சம் கனமான விஷயம். ஆண்டி ஃபிளவர் பெயரைப் போட்டால் 63 டெஸ்ட், 4794 ரன், சராசரி 51.54 என்று வரும். அதுவும் பெரும்பாலும் தோற்றுக்கொண்டிருந்த ஜிம்பாப்வே அணிக்கு, விக்கெட் கீப்பிங்கும் செய்துகொண்டு. ஒருநாள் பக்கத்தில் ஆடிய காலம் 1992-2003 என்று இருக்கும். அதே அணியின் ஹென்றி ஒலாங்காவின் பக்கமும் 2003-ல்தான் முடியும். வயதாகி ஓய்வு பெற்றவர், காயத்தால் போனவர், ஃபார்ம் போய் நீக்கப்பட்டவர், எல்லோருக்கும் இதே மாதிரி ஒரு கடைசித் தேதி உண்டு. இவர்கள் இருவரும் 2003 பிப்ரவரியில், உலகக் கோப்பையின் ஹராரே ஆட்டத்தில், தங்கள் நாட்டில் ஜனநாயகம் செத்துக்கொண்டிருக்கிறது என்று அறிவித்துக் கறுப்புப் பட்டை அணிந்து இறங்கினார்கள். அந்தப் போட்டித் தொடரோடு இருவரின் சர்வதேச வாழ்க்கையும் முடிந்தது; நாட்டை விட்டும் போக வேண்டியிருந்தது. ஒலாங்காவுக்கு அப்போது 26 வயது. வேகப்பந்து வீச்சாளருக்கு அது தொடக்க வயது. கடைசித் தேதிக்குப் பக்கத்தில் 'ஏன்' என்று ஒரு நெடுவரிசை போட முடியாது, புரிகிறது. அதனால்தான் ஏதாவது ஒரு நல்ல ஆட்டக்காரரின் பட்டியல் சட்டென்று நின்றுபோனால் நான் அந்த வருடத்துச் செய்திகளைத் தேடுவேன். பல நேரம் சுவாரசியமாக ஒன்றும் இருக்காது.

வெற்றிடங்கள் என்றால் மிதாலி ராஜின் டெஸ்ட் பக்கம். முதல் டெஸ்ட் 2002-ல். அதே வருடம் டான்டனில் 214, அப்போதைய உலக சாதனை. 2006-க்கு அப்புறம் அடுத்த வரி 2014. அதற்கப்புறம் 2021. மொத்தமே 12 டெஸ்ட், 699 ரன், சராசரி 43.68. அவர் எங்கும் போகவில்லை. ஒருநாள் பக்கத்தைத் திறந்தால் 1999 முதல் 2022 வரை 232 ஆட்டம், 7805 ரன் என்று நிற்கிறார். இந்தியப் பெண்களுக்கு டெஸ்ட் ஆட்டமே ஏற்பாடு செய்யப்படவில்லை, அவ்வளவுதான். ஆண்களில் யாராவது எட்டு வருடம் டெஸ்ட் ஆடாமல் இருந்துவிட்டு வந்தால் அவருடைய விடாமுயற்சியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவோம்.

ராஜிந்தர் கோயல் என்று டெஸ்ட் பிரிவில் தேடிப் பாருங்கள், ஒரு வரியும் வராது. உள்நாட்டுப் போட்டியான ரஞ்சியில் 637 விக்கெட், அங்கே அதுதான் சாதனை. இந்திய அணியில் இடதுகை சுழற்பந்து வீச்சாளர் பேடி ஆடிய காலத்தில் அதே வகைப் பந்துவீச்சாளராகப் பிறந்தது ஒன்றுதான் அவர் செய்த தப்பு. ஒரு டெஸ்ட்கூட ஆடாமல் இருபது வருடத்துக்கு மேல் அதே ஓவர்களை அதே ஒழுங்கோடு வீசினார். சர்வதேச ஆட்டங்களுக்கான கருவியில் அவர் இல்லாதது விதிப்படி சரி.

பயன்படுத்துகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கருவியின் முகப்பு பழைய காலத்து விண்ணப்பப் படிவம் போல இருக்கும், பயந்து மூடிவிடாதீர்கள். அகலமான திரைக்காகச் செய்தது. கைபேசியைவிடக் கணினியில் வசதி. ஒரு நேரத்தில் இரண்டு கட்டத்துக்கு மேல் சலிக்காதீர்கள். ஐந்தாறு நிபந்தனை போட்டால் யாரை வேண்டுமானாலும் உலகின் முதல் ஆட்டக்காரர் ஆக்கிவிடலாம், தொலைக்காட்சியில் தினமும் அதைத்தான் செய்கிறார்கள். குறைந்தபட்ச இன்னிங்ஸ் எண்ணிக்கையைக் கட்டாயம் போடுங்கள், இல்லாவிட்டால் ஒரே டெஸ்ட் ஆடி நாட் அவுட்டாக நின்றவர் பட்டியலின் தலையில் உட்கார்ந்துகொள்வார். பட்டியல் வந்ததும் முகவரியை அப்படியே நகலெடுத்து அனுப்பினால் எதிரில் இருப்பவருக்கும் அதே பட்டியல் திறக்கும். குடும்பக் குழுக்களில் இதன் மதிப்பு சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மைத்துனன் இப்போது அவனாகவே தேட ஆரம்பித்துவிட்டான். போன வாரம், "மாமா, மேட்ச் டிரா, நாலாவது இன்னிங்ஸ், நூறு பந்துக்கு மேல, நாட் அவுட், இப்படிப் போட்டா யார் யாரெல்லாம் வர்றாங்க பாருங்க" என்று ஒரு பட்டியல் அனுப்பினான். பாதிப் பெயர்களை அவன் கேள்விப்பட்டதே இல்லையாம். நான்கு கட்டம் சலித்திருக்கிறான், பரவாயில்லை.

நட்சத்திரம் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் ஐந்துக்கு நாலு. ஒன்றைக் குறைத்தது ரோட்ஸின் அந்த ரன் அவுட்டுக்காக.